இரண்டும் பெண்

காலை ஆறு இருபதுக்குத் தண்ணீர் வரும். ஏழுக்கு நின்றுவிடும்.

அந்த நாற்பது நிமிடத்துக்குள் இரண்டாம் எண் அறையின் மூன்று வாளிகளும் நிரம்ப வேண்டும். முதல் வாளி டெய்லரக்காவுடையது. அடுத்தது பல்லுவுடையது. கடைசி வாளி, மூன்றாவது கட்டிலில் அப்போது யார் இருக்கிறார்களோ அவர்களுக்கு. அது பாதி நிரம்பும்போது குழாய் இருமத் தொடங்கிவிடும்.

டெய்லரக்கா ஆயத்த ஆடைக் கம்பெனியில் தையல் வரிசைக்கு மேற்பார்வை. இருபது வருடம் மெஷின் இரைச்சலில் நின்று காது மந்தமாகிவிட்டது. அவளிடம் பேச வேண்டுமானால் கத்த வேண்டும். அவள் பேசினால் மாடி முழுக்கக் கேட்கும். பெண்கள் விடுதிக்கு வந்து ஒன்பது வருடம். பல்லு, பல் டாக்டரின் கிளினிக்கில் டோக்கன் கொடுப்பவள். அவள் வந்து ஆறு வருடம். மூன்றாவது கட்டிலில் மட்டும் யாரும் மூன்று மாதம் தாண்டியதில்லை.

அந்தக் கட்டிலுக்குத்தான் எலி வந்தாள்.

பெயர் வைத்தது டெய்லரக்கா. வந்த அன்றே.

"எங்க வேலை?"

"மருந்துக் கம்பெனியிலக்கா. விலங்குக் கூடத்துல."

"சத்தமா சொல்லுடி."

"விலங்குக் கூடம்! எலி, முயல் எல்லாம் இருக்கும். அதுங்களைப் பாத்துக்கணும்."

"பாத்துக்கிட்டு?"

"மருந்து போட்டுப் பாப்பாங்க."

"அப்புறம்?"

அவள் பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள்.

"அப்புறம் என்ன, மேல அனுப்பிடுவாங்க," என்றாள் பல்லு. "நம்ம டாக்டர் பல்லைத்தான் புடுங்குவாரு. இவங்க உசுரையே புடுங்குறாங்க."

டெய்லரக்கா சிரித்தாள். "எலி இருக்கட்டும். நல்ல பேரு."

ஜன்னலுக்குக் கீழே கம்பிக்கூண்டு. உள்ளே இரண்டு முயல். வெள்ளை ஒன்று, சாம்பல் ஒன்று. மூன்று மாதக் குட்டிகள். வெள்ளை பெரியவள். சாம்பல் சின்னவள். அக்கா தங்கச்சி என்று கடைக்காரன் சொல்லிக் கொடுத்தது. கூண்டும் மூன்றாவது கட்டிலும் ஒட்டிக்கொண்டிருந்தன. படுத்தபடி கை நீட்டினால் கம்பியைத் தொடலாம்.

வார்டனம்மா முயலை உள்ளே விட்டதே பெரிய காரியம். ஆண் வாடை கூடாது என்பதுதான் அந்தக் கட்டடத்தின் முதல் விதி. அப்பன் வந்தாலும் வாசலோடு சரி. மீறினால் அறையைக் காலி செய்ய வேண்டும்.

"ரெண்டும் பொம்பளைப் புள்ளைங்கம்மா," என்று டெய்லரக்கா அடித்துச் சொன்னாள். "கடைக்காரன் சத்தியம் பண்ணியிருக்கான்."

"சுவத்துல ஏறுற பல்லியெல்லாம் யாரும்மா பாத்துச் சொல்றது?" என்று பல்லு கேட்டாளாம். வார்டனம்மா சிரிக்கவில்லை. பதிவேட்டில் எழுதினாள். அறை இரண்டு. முயல் இரண்டு. இரண்டும் பெண். கீழே டெய்லரக்காவின் கையெழுத்தை வாங்கிக்கொண்டாள்.

வார்டனம்மாவுக்கு விதி என்றால் விதிதான். எலிக்கு முன்னால் அந்தக் கட்டிலில் ஒரு நர்சு இருந்தாள். அவளைப் பார்க்க வந்த தம்பி, பள்ளிக்கூடப் பையன், வாசலில் காய்ச்சலோடு சுருண்டு விழுந்தான். அவனை மேலே தூக்கி வந்து ஒரு மணி நேரம் படுக்க வைத்தாள். டெய்லரக்கா கீழே போய்ச் சொல்லிவிட்டாள். அவசரத்தில் தோன்றவில்லை என்று நர்சு அழுதாள். வார்டனம்மாவே கொஞ்சம் தயங்கியிருக்கிறாள். "தெரியாமச் செஞ்சா விதி மாறிடுமா?" என்று கேட்டது டெய்லரக்கா. அன்று மாலையே கட்டில் காலி.

இந்தக் கதையை எலிக்குச் சொன்னதும் டெய்லரக்காதான். பெருமையாகச் சொன்னாள்.

முதல் ஞாயிறு கூண்டு கழுவும்போது சாம்பல் குட்டி எலியின் மடிக்கு வந்தது. யாரும் கொடுக்கவில்லை; அதுவாகத் தாவியது. பழக்கதோஷம், எலியின் கை அதை மல்லாத்திவிட்டது. கூடத்தில் ஒரு நாளைக்கு நாற்பது குட்டி பிரிப்பாள். அடிவயிற்றுக்குக் கீழே இரண்டு விரலால் மெல்ல அழுத்தினால் போதும். குழல் மாதிரி உருண்டு வந்தால் ஆண். இலைக்கீறல் மாதிரி நீண்டால் பெண். ஆணுக்கு நீல அட்டை, பெண்ணுக்குச் சிவப்பு. அட்டை மாறினால் முப்பத்தொன்றாம் நாள் கூண்டே காட்டிக்கொடுக்கும் என்பார் கூடத்து மேஸ்திரி.

சாம்பல் உருண்டு வந்தது.

"அக்கா, இது..."

டெய்லரக்கா குட்டியைப் பிடுங்கிக்கொண்டாள். "உன் கையில என்னடி நாத்தம்? மருந்தா, மூத்திரமா? எத்தனையைக் கொன்ன கையோ. என் புள்ளைங்களைத் தொடாத."

எலி கையை முகர்ந்து பார்த்தாள். சோப்பு வாசனைதான் வந்தது. சொல்ல வந்ததை முழுங்கிக்கொண்டாள்.

அன்றைக்கு அது வெறும் ரோஷம்.

பிறகு நாட்கள் போயின. அவளுடைய சோப்பில் கூண்டைக் கழுவினார்கள். அவளுடைய துண்டு கூண்டுக்கு அடியில் விரிப்பானது. அவள் கட்டிலில் கை பட்டுவிட்டால் பல்லு எழுந்துபோய்க் கழுவிக்கொண்டு வருவாள், அவள் பார்க்கும்படியாக. குளியலறைக்குக் காத்து நின்றால், "டோக்கன் மூணு! எலி! உள்ள வரலாம்!" என்று உள்ளேயிருந்து கத்துவாள், கதவு திறக்க இன்னும் கால் மணி நேரம் ஆகும். ஒருநாள் சாப்பாட்டுத் தட்டில் முயல் புழுக்கை நாலு கிடந்தது. "லேபுல இதானே சாப்பாடு?" என்றாள் பல்லு. டெய்லரக்கா சிரித்துச் சிரித்துப் புரையேறி, எலியின் தம்ளரை எடுத்துத் தண்ணீர் குடித்தாள்.

எலி பொறுத்துக்கொண்டாள். போக இன்னொரு இடம் இல்லை. கம்பெனிக்கு நடந்து போகிற தூரத்தில் இருந்தது இந்த ஒரு விடுதிதான். இது போனால் அக்கா வீடு. அக்கா வீட்டில் அவளுக்குச் சமையலறையில் பாய். அத்தான் ராத்திரி தண்ணீர் குடிக்க வருவார். விளக்குப் போடமாட்டார். அக்காவிடம் சொன்னபோது அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு, "ஒருக்களிச்சுப் படு," என்றாள்.

மூன்று மாதம் தாண்டினால் கட்டில் உறுதி. மூன்றாம் மாதத்துக் கடைசி ஞாயிறு வார்டனம்மா அறைக்கு வருவாள். தண்ணீர் வருகிற நேரத்துக்கு வருவாள், எல்லாரும் விழித்திருப்பார்கள் என்பதால். கூட இருப்பவர்களைக் கேட்பாள். அவர்கள் சரி என்றால் சரி.

அவர்கள் சரி என்று சொல்லப்போவதில்லை.

ராத்திரியில் எலி முயல்களைப் பார்த்துக்கொண்டே படுத்திருப்பாள். வெள்ளை போய் சாம்பலின் மூக்குக்கு முன்னால் தலையைத் தாழ்த்தும். சாம்பல் அதன் நெற்றியையும் காதையும் நக்கிவிடும். "பெரியவளுக்கு எவ்வளவு பணிவு பாரு, தங்கச்சிகிட்ட தலை குனியுறா," என்று டெய்லரக்கா உருகுவாள். முயலுக்குள் கணக்கு வேறு. தலையைக் குனிகிறதுதான் அதிகாரம் உள்ளது. நக்கு என்று கட்டளை அது. எலி சொல்லவில்லை. அவள் கையே நாறும்போது வாய் மட்டும் மணக்கவா போகிறது?

இரண்டாம் மாதத்தின் நடுவில் வெள்ளை சாம்பலின் முதுகில் ஏற ஆரம்பித்தது. காலையிலும் ஏறியது, மாலையிலும் ஏறியது. சாம்பல் தரையோடு தரையாக ஒட்டிக்கொள்ளும். வெள்ளை அதன் பிடரி மயிரைக் கவ்விக்கொண்டு ஆட்டும்.

டெய்லரக்காவுக்குப் பயம் வந்துவிட்டது. கதவைச் சாத்தினாள். அவளுக்குத் தாழ்ந்த குரல் என்று ஒன்று கிடையாது. அதனால் பல்லுவின் காதில் வாயை வைத்துச் சொன்னாள். அப்படியும் எலிக்குக் கேட்டது.

"பெரியவ ஆம்பளையா இருப்பாளோ?"

"எலியைக் கேளுங்கக்கா. அவளுக்கு அதானே பொழப்பு."

"எலி, இங்க வா. இதைப் பாரு."

முதல் தடவையாக அவள் கையில் கொடுத்தார்கள். எலி வெள்ளையை மல்லாத்தினாள். தெரிந்ததுதான். ஆனாலும் நிதானமாக அழுத்திப் பார்த்தாள்.

"இவ பொண்ணுதான்க்கா!" என்று கத்தினாள்.

"அப்புறம் ஏண்டி ஏறுறா?"

"ஏறுனா ஆம்பளைன்னு இல்லக்கா. இங்க யாரு பெரிய ஆளுன்னு காட்டுறது அது. பொட்டையும் ஏறும்."

"நம்ம அக்கா மாதிரி," என்றாள் பல்லு.

டெய்லரக்கா அவள் முதுகில் ஒன்று வைத்தாள். ஆனால் உள்ளுக்குள் அவளுக்குப் பிடித்திருந்தது. முகம் மலர்ந்துவிட்டது. "அதானே பாத்தேன். என் புள்ள ரவுடி. சின்னவதான் பாவம், வாயில்லாப் பூச்சி."

எலி அங்கேயே நின்றாள். அடுத்த கேள்வி வரும் என்று நின்றாள். சாம்பல் கூண்டின் மூலையில் மீசை துடிக்க உட்கார்ந்திருந்தது. அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டால் சொல்லிவிடுவது என்று இருந்தாள். கேட்டால் பொய் சொல்லமாட்டாள்.

"ஏன் நிக்கிற? போ," என்றாள் டெய்லரக்கா.

எலி போனாள்.

பத்து நாள் கழித்து, ஒரு வியாழக்கிழமை. எலிக்குக் காலை ஷிப்ட். மூன்று மணிக்கே அறைக்கு வந்துவிட்டாள். மற்ற இருவரும் வேலையில். கூண்டில் சத்தம். வெள்ளை கீழே பின்பகுதியைத் தூக்கிக்கொண்டு நின்றது. சாம்பல் மேலே. பத்து நொடிகூட இருக்காது. சின்னதாக ஒரு உறுமல். சாம்பல் அடித்துப் போட்டாற்போல் பக்கவாட்டில் சரிந்து விழுந்தது. எழுந்தது. காலால் தரையைத் தட்டியது.

எலி கட்டிலில் உட்கார்ந்தாள். கூடத்தில் இப்போது அட்டை எழுதுவாள்: சேர்ந்த தேதி, குட்டி போடும் தேதி. மனதுக்குள் எழுதினாள். முப்பத்தொன்றைக் கூட்டினாள். ஞாயிற்றுக்கிழமை வந்தது. சுவரில் தொங்கிய காலண்டரைப் புரட்டிப் பார்த்தாள்.

மூன்றாம் மாதத்துக் கடைசி ஞாயிறு.

மறுபடியும் எண்ணினாள். அதேதான்.

இப்போது சொன்னால் டெய்லரக்கா சாம்பலைக் கடையில் கொடுத்து வேறு ஒன்றை மாற்றிக்கொள்வாள். பதிவேடு பதிவேடாக இருக்கும். எலியின் கட்டில் போகும். சொல்லாவிட்டால் பதிவேடு வார்டனம்மாவின் கண் முன்னாலேயே பிரசவிக்கும்.

அன்றைக்கு முழுங்கியது ரோஷத்தால். இன்றைக்கு முழுங்கியது அதனால் இல்லை. எலிக்கே அது தெரிந்தது.

அதன் பிறகு அவள் மாறிப்போனாள். தட்டில் எது கிடந்தாலும் தட்டிவிட்டுச் சாப்பிட்டாள். டோக்கன் மூணு என்றால் சிரித்தாள். வாளி கால்வாசி நிரம்பினாலும் தூக்கிக்கொண்டு போனாள். "எலிக்கு மூளை கலங்கிடுச்சு," என்றாள் பல்லு. "போற நேரம் வந்தா அப்படித்தான்," என்றாள் டெய்லரக்கா.

இருபத்தெட்டாம் நாள் கூடத்தில் தாய்க்கூண்டுக்குள் மரப்பெட்டி வைப்பார்கள். முயல் தாய் குட்டிகளை அணைத்துப் படுப்பதில்லை. போட்டுவிட்டு விலகிவிடும். ஒரு நாளைக்கு ஒரு தடவை வந்து பால் கொடுக்கும். மற்ற நேரமெல்லாம் வைக்கோலும் அது பிடுங்கி வைத்த மயிரும்தான் குட்டிகளுக்குத் தாய். மயிரில்லாத குட்டி வெறும் தகரத்தில் ஒரு மணி நேரம் தாங்காது. குளிர்ந்து கல்லாகிவிடும். அப்போதும் மேஸ்திரி விடமாட்டார். "குளிர்ந்ததைச் செத்ததுல சேர்க்காதே. சூடாக்கிப் பாத்துட்டு அப்புறம் எழுது," என்பார். எலியே தன் உள்ளங்கையில் வைத்து ஊதி எத்தனையோ குட்டிகளைத் திருப்பியிருக்கிறாள்.

இரண்டாம் எண் அறையில் இருபத்தெட்டாம் நாள் யாரும் பெட்டி வைக்கவில்லை. வெள்ளை தானே தொடங்கியது. வைக்கோலை வாய் கொள்ளாமல் மீசை போலக் கவ்வி மூலைக்கு எடுத்துப் போனது. வெள்ளிக்கிழமை கழுத்திலும் வயிற்றிலும் மயிரைக் கொத்துக் கொத்தாகப் பிடுங்கியது. தோல் ரோஸ் நிறத்தில் தெரிந்தது.

டெய்லரக்கா அலறினாள். "சொறி! சொறி பிடிச்சிருக்கு! வயிறு பாரு, மொட்டையா!"

"எங்கேர்ந்து வரும் சொறி?" என்று பல்லு எலியைப் பார்த்தாள். "லேபுலேர்ந்து ஒட்டிக்கிட்டு வந்திருக்கும்."

"நான் அப்பவே சொன்னேன் தொடாதன்னு!"

டெய்லரக்கா கீழே போய் வார்டனம்மாவிடம் சொன்னாள். படியில் அவள் குரல் நன்றாகக் கேட்டது. வியாதி கொண்டுவர்றாம்மா. இன்னைக்கு முயலுக்கு, நாளைக்கு எங்களுக்கு. ஞாயித்துக்கிழமையோட அந்தக் கட்டிலைக் காலி பண்ணிடுங்க.

"ஞாயித்துக்கிழமை வந்து பாக்கறேன்," என்றாள் வார்டனம்மா.

சனிக்கிழமை மாலை டெய்லரக்கா கூண்டைப் பிரித்தாள். வைக்கோலையும் மயிரையும் வாரிக் கீழே குப்பைத்தொட்டியில் போட்டாள். தகரத் தட்டைப் பினாயில் ஊற்றித் தேய்த்தாள். புதிய வைக்கோல் போடவில்லை. அதிலும் கிருமி இருக்கும் என்றாள். ஈரத் தட்டின்மேல் வெள்ளையை இறக்கினாள். வெள்ளை மூலைக்கு ஓடி, ஒன்றும் இல்லாத இடத்தைப் பாதத்தால் பறண்டியது. மறுபடி பறண்டியது.

"நமைச்சல் பாவம்," என்றாள் டெய்லரக்கா. அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. கூண்டுக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கம்பி வழியாக விரலை விட்டு வெள்ளையின் நெற்றியைத் தடவினாள். "நாளைக்கு டாக்டர்கிட்டப் போலாம்டா. ஒரு ராத்திரி பொறுத்துக்கோடா."

எலி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

டெய்லரக்கா கூண்டின்மேல் ஒரு துணியைப் போட்டாள்; எலியின் கட்டில் பக்கம் அது எட்டவில்லை. திரும்பினாள். எலியின் மடியில் கம்பெனி கோட்டு. பை கிழிந்து தொங்கியது. எப்போதோ கூண்டுக் கம்பியில் மாட்டிக் கிழிந்தது. "அதைக் கொடு," என்று கையை நீட்டினாள். வெள்ளை நூலைப் பல்லால் கடித்து, ஊசியில் கோத்து, நாலே நிமிடத்தில் தைத்துவிட்டாள். தையல் இருக்கும் இடமே தெரியவில்லை.

"போற எடத்துக்குக் கிழிஞ்சதோட போகாத," என்று தூக்கிப் போட்டாள்.

எலி பையைத் தடவிப் பார்த்தாள். அது உறுதியாக இருந்தது. நிமிர்ந்தாள். வாயைத் திறந்தாள்.

"என்னடி?"

"ஒண்ணுமில்லக்கா."

"சத்தமா!"

"ஒண்ணுமில்லன்னேன்!"

விடிய ஐந்து மணிக்கு முதல் குட்டி விழுந்தது.

எலி கண்ணைத் திறந்துதான் கிடந்தாள். தகரத்தில் ஈரத்துணி விழுந்த மாதிரி ஒரு சத்தம். பிறகு இன்னொன்று. ஏழு எண்ணினாள். வெள்ளை ஒவ்வொன்றையும் நக்கிவிட்டு அடுத்த மூலைக்குத் தாவிவிட்டது. சாம்பல் ஒருமுறை முகர்ந்து பார்த்து, தும்மி, விலகியது. குட்டிகள் தகரத்தில் நெளிந்தன. ஒன்றின் சூட்டை ஒன்று தேடிக் குருட்டுத்தனமாக உருண்டன. பினாயில் ஈரத்தில் வழுக்கிப் பிரிந்தன. கத்தின. முயல் குட்டியின் சத்தம் ஊசி முனை அளவுதான். குழாயில் தண்ணீர் வரும்வரை பல்லு எழமாட்டாள். டெய்லரக்காவுக்கு இடி விழுந்தாலும் கேட்காது.

போர்வையை உருவிக் கூண்டுக்குள் திணித்தால் போதும். எட்டிப் பிடிக்கிற தூரம்தான்.

எலி போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டாள்.

ஐந்தரைக்கு டெய்லரக்கா எழுந்து, இருட்டில் சுவரைத் தடவிக் குளியலறைக்குப் போனாள். வரும்போது ஒரு நொடி நின்றாள். வராந்தா விளக்கின் வெளிச்சம் எலியின் முகத்தில் விழுந்தது. டெய்லரக்கா போய்ப் படுத்துக்கொண்டாள்.

ஆறு மணிக்கு இரண்டு சத்தம்தான் மிச்சம்.

ஆறு இருபதுக்குக் குழாய் இருமியது. கூடவே கதவும் தட்டப்பட்டது. வார்டனம்மா பதிவேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். பெருக்குகிற ஆள் பின்னால் துடைப்பத்தோடு நின்றாள்.

"எங்க அந்தச் சொறி முயல்?"

டெய்லரக்கா கூண்டுக்குமேல் போட்டிருந்த துணியை இழுத்தாள்.

தட்டில் ஏழு குட்டிகள், விரல் நீளம், தோலுரித்த மாதிரி சிவப்பாக. இரண்டு அசைந்தன. ஐந்து அசையவில்லை. அந்த நேரம் பார்த்துச் சாம்பல் வெள்ளையின் முதுகில் ஏறியது. குட்டி போட்ட அன்றே முயல் மறுபடி சினைப்படும். ஒரு உறுமல். சரிந்து விழுந்தது, வார்டனம்மாவின் காலுக்கு நேராக.

"அடி ஆத்தி," என்றாள் பெருக்குகிற ஆள்.

வார்டனம்மா பதிவேட்டைப் பிரித்தாள். நிதானமாகப் பக்கம் தேடினாள். "இரண்டும் பெண்," என்று படித்தாள். "இது யாரு கையெழுத்து?"

"அம்மா, எனக்குத் தெரியாதும்மா. கடைக்காரன்..." டெய்லரக்கா எலியைப் பார்த்தாள். "இவகிட்டக் கேட்டோம். இவ பாத்து பொண்ணுன்னு சொன்னா. பல்லு சாட்சி."

எல்லாரும் எலியைப் பார்த்தார்கள். மூன்று மாதத்தில் அந்த அறை முழுவதும் அவளைப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"வெள்ளையைக் காட்டிக் கேட்டாங்கம்மா. வெள்ளை பொண்ணுன்னு சொன்னேன். வெள்ளை பொண்ணுதான், இதோ குட்டி போட்டிருக்கு. சாம்பலை என்னைத் தொட விடலம்மா. கை நாறுதாம்."

வார்டனம்மா பல்லுவைப் பார்த்தாள். "அப்படியா?"

பல்லு டெய்லரக்காவைப் பார்த்தாள். எலியைப் பார்த்தாள். ஆறு வருடம் இரண்டாவது வாளி பிடித்தவள். காற்று எந்தப் பக்கம் என்று அவளுக்குத் தெரியும்.

"ஆமாம்மா. வெள்ளையைத்தான் கேட்டோம்," என்றாள். "சாம்பலை அக்கா யாரையும் தொட விடமாட்டாங்க."

"தெரியாமப் பண்ணிட்டேம்மா," என்றாள் டெய்லரக்கா. அவளால் மெதுவாகப் பேச முடியாது. அது படியெல்லாம் இறங்கிப் போனது.

"தெரியாமச் செஞ்சா விதி மாறிடுமா?" என்றாள் வார்டனம்மா. "நான் கேக்கல. நீ கேட்டது. மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணு. முயல் இன்னைக்கே போகணும்." எலியின் பக்கம் திரும்பினாள். "சொறியெல்லாம் இல்லையே?"

"கூடு கட்ட மயிரைப் பிடுங்குனதும்மா. எல்லா முயலும் பிடுங்கும்."

"தெரிஞ்சா வாயைத் திறந்து சொல்லணும்." பதிவேட்டில் ஏதோ எழுதினாள். "மூணாவது கட்டில் இருக்கட்டும்."

அவள் போனாள். பெருக்குகிற ஆள் சாம்பலைக் காதோடு சேர்த்துத் தூக்கி எடை பார்த்தாள். "இதை நான் எடுத்துக்கறேன். நாலு பேருக்கு ஆகும்," என்று கோணிப்பையைத் திறந்தாள். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

குழாயில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. முதல் வாளி அதுவாக நிரம்பி வழிந்தது.

டெய்லரக்கா கூண்டுக்கு முன்னால் குந்தினாள். அசைகிற இரண்டையும் பொறுக்கிக் கையில் வைத்துக்கொண்டாள். அவற்றில் ஒன்றோடு அசையாத ஒன்றும் ஈரத்தில் ஒட்டிக்கொண்டு வந்தது, அவள் கவனிக்கவில்லை.

"எலி," என்றாள். "மத்ததெல்லாம்?"

எலி மிச்சம் நாலைத் தொட்டுப் பார்த்தாள். அவை கல் மாதிரி குளிர்ந்திருந்தன.

"செத்துடுச்சுக்கா!"

செய்தித்தாளில் சுற்றி, கீழே போகிற பெருக்குகிற ஆளிடம் கொடுத்தாள். குப்பை வண்டி வாசலில் மணி அடித்துக்கொண்டிருந்தது.

டெய்லரக்கா குட்டிகளை நைட்டிக்குள் மார்போடு வைத்துக்கொண்டு கட்டிலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். பல்லு வாளியை எடுத்தாள், தயங்கினாள், நகர்ந்து நின்றாள்.

"நீங்க முதல்ல பிடிங்கக்கா," என்றாள் எலியிடம்.

எலி பிடித்தாள். வாளி விளிம்புவரை நிரம்பியது.

ஏழு மணிக்குத் தண்ணீர் நின்ற பிறகு டெய்லரக்கா குரல் கொடுத்தாள். "பல்லு, இங்க வா. ரெண்டுதானே எடுத்தேன்? மூணு அசையுது."

பல்லு குனிந்து பார்த்தாள். "ஆமாக்கா. மூணு."

"இது செத்ததாச்சே. குளுந்து கிடந்துச்சே." டெய்லரக்கா அதைத் தன் காதருகே கொண்டுபோனாள். நெற்றியைச் சுருக்கினாள். "வாயைத் திறக்குது. சத்தம் வருதா?"

"வருதுக்கா. கீச் கீச்னு."

"நல்லா கேக்குதா?"

"எனக்கு இங்கேர்ந்தே கேக்குது. பொடிசு தொண்டையைப் பாருங்கக்கா."

டெய்லரக்கா குட்டியை மறுபடி மார்புக்குள் வைத்தாள். ஜன்னல் வழியாக வாசலைப் பார்த்தாள். குப்பை வண்டி போய் வெகுநேரம் ஆகியிருந்தது. எலி கோட்டை மாட்டிக்கொண்டு, தைத்த பைக்குள் கையை விட்டாள், எடுத்தாள்.

மாசக் கடைசிவரை டெய்லரக்கா இருக்கவில்லை. கம்பெனி குடோனில் ஒரு வாரம் படுத்துக்கொள்ள விடுவார்கள் என்று பல்லுவிடம் சொன்னாள். ஒன்பது வருடத்துச் சாமான் ஒரு டிரங்குப் பெட்டியிலும் இரண்டு கட்டைப் பையிலும் அடங்கிவிட்டது. கூடையில் தன் பழைய ஸ்வெட்டரை விரித்து மூன்று குட்டிகளையும் வைத்தாள். மேலே வெள்ளையை இறக்கினாள். வெள்ளை மிச்சமிருந்த மயிரைப் பிடுங்கிக் குட்டிகள்மேல் போட்டது. யாரும் அதற்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

பல்லு பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் இறங்கினாள். கீழே வரைக்கும்தான் என்று சொல்லிவிட்டு இறங்கினாள்.

டெய்லரக்கா கூடையோடு வாசலில் நின்றாள். எலி டெய்லரக்காவின் கட்டிலில் தன் போர்வையை விரித்துக்கொண்டிருந்தாள்.

"வெள்ளை திரும்பச் சினையாயிருக்குமா?" என்று டெய்லரக்கா கேட்டாள்.

"இருக்கும்க்கா. முப்பத்தொரு நாள்!"

"எண்ணத் தெரிஞ்சவ நீ."

எலி போர்வையின் சுருக்கத்தை நீவினாள். டெய்லரக்கா போகவில்லை.

"நான் அஞ்சரைக்குப் பாத்ரூம் போனேன்," என்றாள். வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் மெதுவாகப் பேசினாள். எலி நகர்ந்து வந்து கேட்க வேண்டியிருந்தது. "உன் கண்ணு தெறந்திருந்துச்சு. கூண்டைப் பாத்துக்கிட்டுக் கிடந்த. நான் என்ன நினைச்சேன் தெரியுமா? பாவம், போகப்போறோம்னு தூங்காமக் கிடக்கான்னு நினைச்சேன்."

எலி தலையைத் தாழ்த்தினாள்.

"எனக்குக் காது கேக்காது. உனக்குக் கேக்கும்," என்றாள் டெய்லரக்கா. "எவ்வளவு நேரம் கத்துச்சுங்க?"